பூம்புகார்: செட்டிநாட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஒவ்வோர் ஆடியிலும் காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களோடு பூம்புகாருக்குப் போகிறோம். பல்லவனீச்சரம் கோயிலில் பட்டினத்தார் விழா நடக்கும்; நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார் நடத்தும் விழா. நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அதனால் வண்டி புதுக்கோட்டை தாண்டுவதற்குள் கேள்விகள் என் பக்கம் திரும்பிவிடும். பல வருஷமாக அதே கேள்விகள்தான். போன முறை ஒரு தம்பி, "ஆச்சி, இதையெல்லாம் எழுதிக் கொடுங்களேன், வராதவங்களும் படிப்பாங்க" என்றார். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

பூம்புகார், புகார், காவிரிப்பூம்பட்டினம்னு சொல்றாங்களே, எல்லாம் ஒரே ஊரா?

ஒரே ஊர்தான். ஆறு கடலுக்குள் புகும் இடம் புகார். பட்டினம் என்றால் துறைமுக ஊர். காவிரி கடலில் கலக்கும் இடத்துப் பட்டினம் என்பதால் காவிரிப்பூம்பட்டினம். பெயரிலேயே ஆறும் கடலும் இரண்டும் இருக்கின்றன. இந்த ஊரைப் பற்றிய பாதிச் சந்தேகங்கள் அதை மறந்துவிடுவதால் வருகிறவை.

மணிமேகலையில் சம்பாபதி, காகந்தி என்ற பழம்பெயர்களும் வருகின்றன. 2ஆம் நூற்றாண்டில் தாலமி எழுதிய நிலநூலில் 'கபேரிஸ்' என்ற துறைமுகம் உண்டு. அதற்கு முந்தைய கிரேக்க மாலுமிக் கையேடான பெரிப்ளூஸில் 'கமரா' என்று இருக்கிறது. இரண்டும் இந்த ஊரையே குறிப்பதாக அறிஞர்கள் கொள்கிறார்கள்.

இப்ப அது எந்த மாவட்டம்? நம்ம ஊர்லேருந்து எவ்வளவு தூரம்?

மயிலாடுதுறை மாவட்டம், சீர்காழி வட்டம். 2020க்கு முன்னால் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர். விடியற்காலை கிளம்பினால் கோயில் நடை சாத்துவதற்குள் போய்விடலாம்.

ஒரு வேண்டுகோள். தஞ்சாவூர் தாண்டியதும் தூங்கிவிடாதீர்கள். அங்கிருந்து மயிலாடுதுறை வரை எத்தனை பாலம் ஏறி இறங்குகிறோம் என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். அடுத்த பதிலுக்கு அது வேண்டும்.

காவிரி எவ்வளவு பெரிய ஆறு! அங்க போய்ப் பார்த்தா வாய்க்கால் மாதிரி இருக்கே, ஆச்சி?

எல்லாருக்கும் இந்த ஏமாற்றம் வருகிறது. திருச்சியில் பாலத்தில் நின்று பார்த்த காவிரியை மனதில் வைத்துக்கொண்டு பூம்புகாரில் போய் நிற்கிறோம். இடையில் அந்த ஆறு என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். திருச்சிக்கு மேலே முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன. அதற்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று கிளைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரை வாங்கிக்கொண்டு போகின்றன. நீங்கள் எண்ணிய பாலங்கள் பலவும் இந்தக் கிளைகளின் மேல் போட்டவைதான். இத்தனை வயலுக்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தோடு வருவதுதான் பூம்புகார்க் காவிரி. ஊருக்குச் சற்று மேற்கே மேலையூரில் கடைசிக் கதவணை. கடைமடை என்கிறார்களே, அது இதுதான்.

கொள்ளிடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். முக்கொம்பில் பிரியும் இரண்டு கிளைகளில் கொள்ளிடம் தாழ்வானது, கடலுக்கு நேர்வழியில் போவது. வெள்ளம் அதைத்தான் தேடும். தெற்குக் கிளையான காவிரியில் நீரோட்டம் குறையக் குறைய மணல் படியும். படியப் படிய இன்னும் குறைவாகத் தண்ணீர் வரும். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் காவிரி மேடேறித் தஞ்சைப் பாசனமே தடுமாறியது. அதைச் சரிசெய்யத்தான் 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். ஆறு இப்படி மேடேறுவதைவிட ஒரு துறைமுகத்துக்குக் கெட்ட செய்தி கிடையாது. முகத்துவாரத்து மணலை அடித்துத் தள்ள ஆற்றில் வேகம் வேண்டும். அந்த வேகம் போய்விட்டது.

அப்ப இந்த வாய்க்காலுக்குள்ளயா பெரிய கப்பல் வந்துச்சு?

இந்த வாய்க்காலுக்குள் இல்லை. அன்றைய ஆற்றுக்குள் வந்தது. புறநானூற்று 30ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நலங்கிள்ளியிடம், பாயைக் களையாமலும் மேலே ஏற்றிய பாரத்தைக் குறைக்காமலும் பெருங்கலம் புகாருக்குள் நுழையும் என்கிறார். புலவர் மன்னனைப் புகழ்ந்ததுதான். ஆனாலும் புகழ்வதற்கு அவர் எடுத்துக்கொண்ட செய்தியைக் கவனியுங்கள். பாரத்தோடு உள்ளே வரலாம் என்றால் முகத்துவாரம் ஆழமாக இருந்திருக்கிறது. ஆழமில்லாத துறையில் கப்பல் வெளியே நிற்கும், படகு போய்ச் சரக்கை இறக்கும். புகாரில் அந்தக் கஷ்டம் இல்லை என்பதே பெருமையாக இருந்திருக்கிறது.

நான் மிகவும் விரும்புவது பட்டினப்பாலையில் வரும் சின்னப் படகுகளை. வெள்ளை உப்பை உள்நாட்டில் விற்றுவிட்டு நெல்லை ஏற்றிக்கொண்டு வந்த பஃறிகளை, லாயத்தில் குதிரையைக் கட்டுவதுபோல் வரிசையாகத் தறிகளில், அதாவது நட்ட முளைகளில், கட்டி வைத்திருந்தார்களாம். கடல் கப்பல் பாதி வியாபாரம்தான். மறுபாதி, கழியிலும் ஆற்றிலும் உப்புக்கு நெல் மாற்றிக்கொண்டு திரிந்த இந்தப் படகுகள். 1960களில் இந்தியத் தொல்லியல் துறை கீழையூரில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய ஒரு படகுத்துறையைக் கண்டது. அதில் படகு கட்டும் மரத்தூண் நட்டபடியே இருந்தது. கரிமக் கணிப்பு அந்த மரத்தைக் கி.மு. 4, 3ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியது என்று காட்டியது. பாட்டில் வந்த தறி மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்ததுபோல் இருக்கும் எனக்கு.

என்னென்ன சரக்கு வந்துச்சு?

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் ஒரு பட்டியலே போட்டிருக்கிறார். கடல்வழி வந்த குதிரைகள், வண்டியில் வந்த மிளகு மூட்டை, வடமலைப் பொன்னும் மணியும், மேற்கு மலைச் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழைக்கடல் பவளம், கங்கைச் சமவெளியின் பொருள், காவிரியின் விளைச்சல், ஈழத்து உணவு, காழகத்துப் பொருள். காழகம் என்பதைக் கடாரம் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். இன்றைய மலேசியாவின் கெடா. பினாங்குக்குப் போய்வந்த குடும்பத்தாருக்கு அந்தக் கடற்கரை தெரிந்த கரைதான்.

சரக்கு வரும்போதும் போகும்போதும் சுங்கம் வாங்கிப் புலிச்சின்னம் குத்தி அனுப்பினார்கள். வியாபாரிகளைப் பற்றி அதே பாட்டில் ஓர் அடி உண்டு: "கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது". வாங்கும்போது கூட வாங்காமல், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமல். எங்கள் ஐயா கடையில் தராசைத் தொடுமுன் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். அவர் பட்டினப்பாலை படித்தவர் இல்லை.

ஊர் எப்படி இருந்துச்சு? வரைபடம் மாதிரி சொல்ல முடியுமா?

சொல்லலாம். கிழக்கே கடலோரம் மருவூர்ப்பாக்கம். மேற்கே உள்தள்ளிப் பட்டினப்பாக்கம். இரண்டுக்கும் நடுவில் மரங்களின் நிழலில் நாளங்காடி, அதாவது பகல் சந்தை. மருவூர்ப்பாக்கத்தில் மீனவர், உப்பு விற்பவர், நெய்பவர், கொல்லர், யவனர். பட்டினப்பாக்கத்தில் அரசன் தெரு, பெருவணிகர் மாடங்கள். சிலப்பதிகாரம் தரும் விவரம் இது. சித்திரையில் இந்திர விழா. கடற்கரையில் கலங்கரை விளக்கமும் சொல்லப்படுகிறது.

இன்றைக்கு மேலையூர், கீழையூர், வாணகிரி, பல்லவனீச்சரம், சாயாவனம் என்று தனித்தனிப் பெயர்ப்பலகை பார்க்கிறோமே, அவை எல்லாவற்றையும் சேர்த்தால்தான் பழைய ஊர். கடற்கரையில் மட்டும் இறங்கிவிட்டு "ஒண்ணும் இல்லையே" என்று திரும்பினால், காரைக்குடி பஸ் ஸ்டாண்டை மட்டும் பார்த்துவிட்டுச் செட்டிநாட்டைப் பார்த்தாச்சு என்று சொல்வது போலாகும்.

யவனர்னா யாரு? நிஜமாவே ரோமாபுரிக்காரங்களா?

முதலில் கிரேக்கரைக் குறித்த சொல். பிறகு ரோமாபுரி ஆட்சிப் பகுதியிலிருந்து மேற்குக் கடல்வழியாக வந்த எல்லாருக்கும் ஆனது. மருவூர்ப்பாக்கத்தில் அவர்களுக்குக் குடியிருப்பே இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது.

ஒரே ராத்திரியில கடல் முழுங்கிருச்சாமே?

மணிமேகலையில் அப்படித்தான் வருகிறது. மகனைத் தேடிய துயரத்தில் மன்னன் நெடுமுடிக்கிள்ளி இந்திர விழாவை மறந்தான், தெய்வத்தின் சாபத்தால் நகரைக் கடல் கொண்டது என்று. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கதையை யாராலும் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அதற்கடுத்த ஆடியில் நாங்கள் போனபோது வேனில் யாரும் அதிகம் பேசவில்லை.

ஆனால் ஊர் ஒரேயடியாக முடிந்துபோனது என்று கொண்டால் பின்னால் வருகிற சான்றுகள் இடிக்கின்றன. 5ஆம் நூற்றாண்டில் புத்ததத்தர் என்ற பௌத்தத் துறவி இங்கே விகாரையில் தங்கிப் பாலி நூல்கள் எழுதினார். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இங்கே வந்து பட்டினத்துப் பல்லவனீச்சரத்தைப் பாடினார். அந்தக் கோயிலுக்குத்தான் நாம் போகிறோம். மூழ்கிப்போன ஊரில் வந்து யாரும் பதிகம் பாட மாட்டார்கள்.

அப்புறம் என்ன நடந்தது என்றால், நிதானமாக நடந்தது. கடல் கரையை அரித்துக்கொண்டே உள்ளே வந்தது. வாணகிரிப் பக்கம் அலை வந்து போகும் இடத்திலேயே பழைய செங்கல் கட்டுமானமும் உறைகிணறும் கிடைத்திருக்கின்றன. உறைகிணறு குடிதண்ணீருக்குத் தோண்டுவது. யாரும் அலையடிக்கும் இடத்தில் தோண்ட மாட்டார்கள். ஆக அந்த இடம் ஒரு காலத்தில் வீட்டுக் கொல்லை. இதோடு மேலே சொன்ன ஆற்றுச் சங்கதியைச் சேருங்கள்: கடல் முன்னால் வர, ஆறு பின்வாங்க, துறை இரண்டு பக்கமும் இழந்தது. இடையிடையே புயலும் பெரிய அலையும் அடித்திருக்கும். அந்த நினைவுதான் காப்பியத்தில் ஒரே இரவாகச் சுருங்கியது என்று நான் நினைக்கிறேன். பிற்காலச் சோழர் காலத்தில் பெரிய துறைமுகம் நாகப்பட்டினம்தான். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் சூடாமணி விகாரம் எழுப்பியதும் அங்கேதான், புகாரில் இல்லை.

கடலுக்கு அடியில 10,000 வருஷத்து நகரம் இருக்குன்னு வீடியோ பார்த்தேன், அது?

1990களின் தொடக்கத்தில் தேசியக் கடலியல் நிறுவனத்தார் இந்தக் கடலில் ஆய்வு செய்தார்கள். கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாடம் போன்ற ஓர் அமைப்பைப் பார்த்தார்கள். வீடியோக்கள் எல்லாம் அதை வைத்துத்தான்.

வாதம் இப்படிப் போகிறது: அந்த ஆழம் கடைசியாக நிலமாக இருந்தது 10,000 ஆண்டுகளுக்கு முன்னால், ஆகவே அங்கே இருப்பதும் அவ்வளவு பழையது. இடம் எப்போது நிலமாக இருந்தது என்பது வேறு, அங்கே மனிதன் கட்டினானா என்பது வேறு. முதலாவதை நிரூபித்துவிட்டு இரண்டாவதும் முடிந்ததாக நினைக்கிறோம். மனிதர் கட்டியதுதான் என்று காட்ட ஒரு செங்கல்லோ பானை ஓடோ அந்த அமைப்பிலிருந்தே வர வேண்டும். அது வரும்வரை நான் பிள்ளைகளிடம் கீழையூர்ப் படகுத்துறையைத்தான் காட்டுவேன். 2,300 வருஷப் பழைமை நமக்குப் போதாதா?

அப்ப கடலுக்குள்ள கிடைச்ச கப்பல்? அது சோழர் கப்பல்தானே?

இல்லை. 1991இல் அதே ஆய்வில் கண்டுபிடித்த உடைந்த கப்பல் அது. உள்ளே ஈயக் கட்டிகள் இருந்தன. அவற்றின்மேல் 1791, 1792 என்று ஆண்டு பொறித்திருந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூழ்கிய ஐரோப்பியச் சரக்குக் கப்பல். தெற்கே பக்கத்திலேயே தரங்கம்பாடி. 1620 முதல் அது டேனிஷ்காரர் கோட்டை. அங்கே போகும் வழியாக இருக்கலாம். கப்பல் இந்தக் கடலில் வந்துபோவது புகார் முடிந்ததும் நின்றுவிடவில்லை என்பதற்கு அது நல்ல சான்று.

நகரத்தார் அங்கேருந்துதான் வந்தோம்னு சொல்றோமே, அது உண்மையா கதையா?

குல வரலாறு சொல்வதை முதலில் சொல்கிறேன். காஞ்சியிலிருந்து காவிரிப்பூம்பட்டினம் வந்து, சோழ மன்னருக்கு முடிசூட்டும் உரிமை பெற்று, மரகதப் பிள்ளையாரை வழிபட்டு வாழ்ந்தார்கள். பூவந்திச் சோழன் காலத்தில் பெருங்கொடுமை நேர்ந்தது. பெரியவர்கள் உயிர் துறந்தார்கள். குருவிடம் ஒப்படைத்திருந்த 1,502 ஆண்பிள்ளைகள் மிஞ்சினார்கள். பிறகு பாண்டிய நாட்டுக்கு வந்து இளையாத்தங்குடியில் குடியேறினார்கள். மரபு சொல்லும் ஆண்டு கி.பி. 707. அங்கிருந்து மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று, இளையாத்தங்குடியோடு சேர்த்து ஒன்பது கோயில்களாகப் பிரிந்தார்கள். இன்றும் எந்தக் கோயில் என்று கேட்காமல் கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை.

இந்த விவரம் ஒவ்வொன்றையும் கல்வெட்டு வைத்து நிறுத்த முடியாது. அதற்காகப் பொய் என்று தள்ளுவதும் தப்பு. ஒரு சமூகம் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக ஓர் ஊரின் பெயரை விடாமல் சொல்லி, அங்கே விழாவும் எடுத்து, வீட்டுச் சடங்கில் கடலை வைத்திருக்கிறது என்றால் அந்த உறவு மெய்யானது. 1,502 என்ற எண்ணையும் 707 என்ற ஆண்டையும் மரபாகச் சொல்லுங்கள். பரீட்சை விடையாகச் சொல்ல வேண்டாம்.

கடற்கரை வியாபாரிங்க தண்ணியில்லாத செம்மண்ல வந்து ஏன் குடியேறணும்?

நல்ல கேள்வி. ஜீவநதி ஒன்றுகூட இல்லாத நாடு நம்முடையது. மழை பெய்தால் கண்மாய் நிறையும், இல்லாவிட்டால் இல்லை. ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி, வரத்துக்கால் கட்டி, வீட்டு வளவில் விழும் மழையைக்கூட அண்டாவில் பிடித்து வைத்த மக்கள் நாம். பாண்டியன் கொடுத்த இடம் இது என்று மரபு சொல்லும். அதற்கு மேல் புவியியலாக ஒன்றைப் பாருங்கள். வணிகனுக்கு வயல் முக்கியமில்லை, வழி முக்கியம். இங்கிருந்து மேற்கே மதுரை, வடக்கே தஞ்சை, கிழக்கே தேவகோட்டை தாண்டினால் தொண்டி. தொண்டி பாண்டியரின் பழைய துறைமுகம். கடலை விட்டு விலகி வந்தோம் என்று நினைக்கிறோம். வண்டியில் ஒரு மணி நேரத்தில் அலைச்சத்தம் கேட்கும்.

நகரத்தார்ங்கிற பேரு பூம்புகார் நகரத்துல இருந்ததாலயா?

சோழர் காலக் கல்வெட்டுகளில் 'நகரம்' என்பது வணிகர் சபை. பிராமணர் ஊருக்குச் சபை, வேளாளர் ஊருக்கு ஊர், வணிகர் ஊருக்கு நகரம். அந்தச் சபையைச் சேர்ந்தவர்கள் நகரத்தார். தமிழ்நாடு முழுக்கப் பல ஊர்க் கல்வெட்டுகளில் இந்தச் சொல் வரும். அங்கெல்லாம் நம் சமூகத்தைத்தான் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்ப கோவலனும் கண்ணகியும் நம்ம ஆளுகதானே?

கோவலன் அப்பா மாசாத்துவான், கண்ணகி அப்பா மாநாய்கன். மாநாய்கன் என்ற பெயரே கடல் வணிகத் தலைவன் என்ற பொருளுடையது. இருவரும் புகாரின் பெருவணிகர்கள். காப்பியம் அதோடு நிறுத்திக்கொள்கிறது. புகாரில் வணிகர் பல வகையார் இருந்தார்கள். அவர்களின் வழியில் வந்ததாக உரிமை சொல்லும் சமூகங்களும் பல. ஊர்க்காரர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம்; அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது.

நம்ம வீடெல்லாம் திண்ணை உயரமா, படியேறிப் போற மாதிரி இருக்கே. கடல் வந்த பயத்துனாலதான்னு கைடு சொன்னாரு?

நிறையப் பேர் இதைச் சொல்கிறார்கள், கேட்க நன்றாகவும் இருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை. இன்று நிற்கும் பெரிய வீடுகள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940 வரை கட்டியவை. குடியேறியதாக மரபு சொல்லும் காலத்துக்கு ஆயிரம் வருஷம் கழித்து. நடுவில் இருந்த ஆயிரம் வருஷம் பயம் எங்கே போனது? உயர்ந்த அடித்தளத்துக்குக் காரணம் கண்முன்னே இருக்கிறது: முற்றத்தில் விழும் மழைத்தண்ணீர் வாட்டமாக வெளியே போக வேண்டும், கறையான் ஏறக் கூடாது, பர்மா தேக்குத் தூண் ஈரத்தில் நிற்கக் கூடாது, தெருவில் வீடு எடுப்பாகத் தெரிய வேண்டும்.

கடல் நினைவு வீட்டுக் கட்டுமானத்தில் இல்லை. வீட்டுக்குள் நடக்கும் சடங்கில் இருக்கிறது.

என்ன சடங்கு? பிள்ளையார் நோன்பையா சொல்றீங்க?

ஆமாம். வெளியூர்க்காரர்கள் கேட்பதால் முழுசாகச் சொல்கிறேன். திருக்கார்த்திகைக்கு மறுநாளிலிருந்து 21 நாள் கணக்கு. கோடி வேட்டியிலிருந்து தினம் ஓர் இழை எடுத்து வைப்பார்கள். 21ஆம் நாள், சஷ்டியும் சதயமும் கூடும் நாளில், இரவில் பிள்ளையார் முன்னால் எல்லாரும் கூடுவோம். பச்சரிசி மாவில் வெல்லம் சேர்த்துப் பிசைந்து, சிறு பிள்ளையாராகப் பிடித்து, 21 இழையைத் திரித்த திரியை அதில் நட்டு ஏற்றுவார்கள். வீட்டுப் பெரியவர் ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுப்பார். எரிகிற திரியோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு 'இழை எடுத்துக்கிறது' என்று பெயர். சின்ன வயதில் அந்தச் சுடர் மூக்குக்குக் கிட்டே வரும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். நெய்வாசமும் வெல்லமும் ஒன்றாக உள்ளே போகும். சூடு தெரிவதற்குள் வாய் மூடிவிடும். பிள்ளைத்தாய்ச்சிக்கு இரண்டு இழை, வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து.

இதற்கு எங்கள் அப்பத்தா சொன்ன காரணம்: வியாபாரத்துக்குப் போன கப்பல் புயலில் மாட்டிக்கொண்டது. நாள் தெரியாமல் போகக் கூடாது என்று தினம் வேட்டியிலிருந்து ஓர் இழை உருவி வைத்தார்கள். 21ஆம் நாள் கரை தெரிந்தது. கையில் இருந்த மாவைப் பிடித்துப் பிள்ளையாராக்கி, அந்த இழைகளையே திரியாக்கி விளக்கேற்றினார்கள். இன்று சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் அடுக்குமாடி வீட்டில் இழை எடுக்கிறார்கள். புகைமணி அலறிவிடுமே என்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எடுக்கிறார்கள் என்று என் மகள் சொல்வாள்.

பர்மாவுக்கு, மலாயாவுக்கு நம்ம ஐயாக்கள் பூம்புகார்லேருந்துதான் கப்பல் ஏறினாங்களா?

இல்லை. பூம்புகார்த் துறை முடிந்து பல நூற்றாண்டு ஆன பிறகு நடந்தது அது. கீழ்ப் பர்மா 1852இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை பெருகியது. விவசாயிக்கு முதல் வேண்டும், நம்மவர்கள் கொடுத்தார்கள். ரங்கூனுக்குச் சென்னையில் ஏறினார்கள். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நாகப்பட்டினம் வழி. 'ரஜூலா' கப்பலைப் பற்றிப் பேசாத பழைய வீடு குறைவு. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசையாக மூன்று வருஷக் கணக்குக்குப் போவார்கள். கடையும் தங்குமிடமும் ஒன்றான கிட்டங்கியில் தங்குவார்கள். 'கொண்டுவிக்கப் போயிருக்காக', அதாவது கடல் தாண்டித் தொழிலுக்குப் போயிருக்கிறார்கள், என்பது அந்தக் காலத்து வழக்கு.

வரைபடத்தை விரித்து வைத்துப் பாருங்கள். ரங்கூன் ஆற்றோரத் துறைமுகம். மௌல்மீன் சால்வீன் ஆற்றின் முகத்துவாரம். காவிரிக் கழிமுகத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் சமூகம் ஐராவதிக் கழிமுகத்தில் போய் நெல்லுக்குக் கடன் கொடுத்தது. உப்புக்கு நெல் மாற்றிய அந்தப் பஃறிகளை எனக்கு இங்கேதான் ஞாபகம் வரும். 1930களின் மந்தத்தில் கடன் திரும்பாமல் நிலம் கைக்கு வந்தது. 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது. பர்மியரின் மனக்குறை அதில் வளர்ந்தது நியாயமே. 1942இல் ஜப்பான்காரர் வந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்தே வந்தவர்கள் பலர்.

இப்ப போனா அங்க என்னதான் பார்க்கிறது? பிள்ளைகளுக்குப் போரடிக்குமே?

1973இல் அரசு கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை எல்லாரும் பார்ப்பார்கள்; கதை சுவரில் சிற்பமாக இருப்பதால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அதோடு வந்துவிடாதீர்கள். கீழையூர்ப் படகுத்துறையில் பிள்ளைகளை நிறுத்தி, தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். பல்லவனீச்சரத்தில் புத்த விகாரையின் செங்கல் அடித்தளம் இருக்கிறது. சிவன் கோயிலுக்குப் பக்கத்திலேயே. சாயாவனமும் திருவெண்காடும் கிட்டத்தில். கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம், இழுவை உண்டு.

கடைசியாக முகத்துவாரத்துக்குப் போங்கள். மேட்டூரில் வழக்கம்போல் ஜூன் 12இல் திறந்திருந்தால், ஆடியில் கடைமடைக்குத் தண்ணீர் வந்திருக்கும். கோடையில் மணல்திட்டு அடைத்துக் கிடக்கும் வாய் அப்போது திறந்திருக்கும். செம்பழுப்பாக வரும் ஆற்றுத்தண்ணீர் கொஞ்ச தூரம் கடலுக்குள் தனி நிறமாகத் தெரியும். போன வருஷம் ஒரு சின்னப் பையன் அதில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, ஒரு காலில் சில்லென்று இருக்கிறது, ஒரு காலில் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று கத்தினான். வேன் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார், யாரும் கிளம்பவில்லை.